எண்பது கட்டத்து மனிதர்

ஜூலை மாதத்தில் அயோவா மாநிலம் முழுவதும் வெந்துகொண்டிருக்கும்போது நாங்கள் மட்டும் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தோம். டி மோய்ன் நகரத்தில் ஒரு விவசாயக் காப்பீட்டு நிறுவனம். அதன் இரண்டாவது மாடி முழுக்க ஒரே ஒரு கணினி குடியிருந்தது. மெயின்பிரேம் என்பார்கள். அதற்குச் சூடு ஆகாது என்று மாடியையே பனிப்பெட்டியாக்கி வைத்திருந்தார்கள். உட்கார்ந்திருந்த எங்களுக்குக் குளிர் ஆகுமா ஆகாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கு அங்கே உடற்பயிற்சிக் கூடம் நடக்கிறதாம். ஜனங்கள் காசு கொடுத்து, இருந்த இடத்திலேயே ஓடுகிறார்களாம். ஓடட்டும். எனக்கு அந்தக் குளிரும், பச்சை எழுத்துத் திரையும், தடுப்புக்கு அப்பால் யாரோ பெப்பர்மின்ட் மிட்டாய் உரிக்கும் சத்தமும் இன்னும் வேண்டியிருக்கிறது.

மிட்டாய் உரித்தவர் வெர்லின் ஹோகன்டோர்ன். மாநிலத்தின் வடமேற்கு மூலையில், டச்சுக்காரர்கள் குடியேறிய பக்கம், பன்றிப் பண்ணையில் பிறந்தவர். பிரசங்கத்தின்போது தூங்காமலிருக்க அந்த ஊர்க்காரர்கள் வாயில் போட்டுக்கொள்ளும் மிட்டாயை இவர் அலுவலகத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"பண்ணையை விட்டுட்டு ஏன் வந்தீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பன்னி சொன்ன பேச்சு கேக்காது மார்லிஸ். இது கேக்கும்" என்று மெயின்பிரேமைக் காட்டினார். அவ்வளவுதான் பதில்.

துளை அட்டைகள் இருந்த காலத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். கணினிக்குச் சொல்வதை அட்டையில் துளையிட்டு ஊட்டுவார்கள், ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டைக்கு எண்பது கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. அதிலும் கடைசி எட்டுக் கட்டம் அட்டையின் வரிசை எண்ணுக்குப் போய்விடும். மனிதன் சொல்ல வந்ததை எழுபத்திரண்டு எழுத்துக்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். அட்டைகள் போய் வெகுகாலம் ஆனபிறகும் அந்தக் கணக்கு எங்களை விட்டுப் போகவில்லை. திரையில் தட்டச்சு செய்யும்போதும் எங்கள் விரல்கள் வரி முடிவதற்குள் தாமாகவே என்டர் விசையைத் தட்டிவிடும். மிச்சமான வெற்று அட்டைகளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பால் வாங்குவது, பல் வைத்தியரைப் பார்ப்பது எல்லாவற்றையும் அதில்தான் எழுதிக்கொள்வோம். இது மாடியில் எல்லோருக்கும் இருந்த பழக்கம். பேச்சையும் அந்த அளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டவர் வெர்லின் ஒருவர்தான்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேட்டப்போகூட அட்டையைப் பாத்துத்தான் படிச்சாரு" என்பாள் அவர் மனைவி லோயிஸ். அவர் மறுக்க மாட்டார். காது மட்டும் சிவக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளியுலக மின்னஞ்சல் எங்களைத் தேடி வர ஆரம்பித்தது. வெளியே இருந்த கணினிகளின் எழுத்து முறை வேறு, எங்கள் மெயின்பிரேமின் எழுத்து முறை வேறு. நேராகக் கொண்டுவந்து கொட்டினால் கோழி கிறுக்கியது போல் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நின்று, வாங்கி, மாற்றி, உரியவரிடம் சேர்க்க ஒரு கேட்வே வேண்டும். அதை எழுதியவர் வெர்லின். நாங்கள் அதை வாசல் என்போம். வாசலுக்குச் சில சட்டங்கள் வைத்திருந்தார். என்ன சட்டம் என்று கேட்டால், "தேவையானது" என்பார்.

நான் மெயில் உதவி மேசை. மெயில் வந்தால் பெருமை வெர்லினுக்கு. வராவிட்டால் திட்டு எனக்கு.

வாசல் வந்து ஓராண்டு கழித்து லோயிஸ் நோயில் விழுந்தாள். அடுத்த ஜனவரியில் போய்விட்டாள். அப்படி ஒரு பனிப்புயலை நான் அதற்குப் பின் பார்க்கவில்லை. அவர்களுக்கு ஒரே மகன் கால்வின். சியாட்டிலில் சின்னக் கணினிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தான். அப்பனுக்குப் பெரிய கணினி, பிள்ளைக்குச் சின்னக் கணினி. சாப்பாட்டு மேசையில் இரண்டும் மோதிக்கொள்ளும். லோயிஸ் உருளைக்கிழங்கை இன்னும் ஒரு கரண்டி வைத்துச் சண்டையை நிறுத்துவாள். இப்போது நிறுத்த ஆளில்லை.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நாங்கள் எல்லோரும் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது கால்வின் வந்து சேர்ந்தான். தலையெல்லாம் பனி. யாரோ அவன் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார்கள். வெர்லின் அவனைப் பார்த்துச் சொன்னார்:

"ஒரு நாள் முன்னாடி கிளம்பியிருக்கலாம்."

கால்வின் வாயைத் திறந்தான், மூடினான், தட்டை மேசையில் வைத்தான். அடுத்த விமானத்தில் திரும்பிவிட்டான். எனக்கு அன்றைக்கு வெர்லினைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் உலுக்குவதில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்போம். கேட்டேன்.

அதற்குப் பிறகு அப்பனும் மகனும் பேசவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் அடியில் மருமகள் கால்வினுடைய மின்னஞ்சல் முகவரியையும், வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதி அனுப்பினாள். வெர்லின் அந்த முகவரியோடு குளிர்காலம் முழுக்கக் குடித்தனம் நடத்தினார். சோளம் விதைத்து முடித்த மே மாதத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"மார்லிஸ், இது சரியா இருக்கா பாரு."

திரையில் இருந்தது இவ்வளவுதான்: 'விதைச்சு முடிச்சாச்சு. மழை பரவாயில்ல. உன் ரூம் காலியாத்தான் இருக்கு. அப்பா.'

"இதுக்கா ஒரு வாரம் எடுத்துக்கிட்டீங்க?"

"நீளமாயிடுச்சோ?"

ஊரார் படித்தால் வானிலை அறிக்கை என்பார்கள். வெர்லினைத் தெரிந்தவர்களுக்கு அது தரையில் விழுந்து அழுததற்குச் சமம். "அனுப்புங்க" என்றேன். அனுப்பினார்.

அன்றிலிருந்து காலையில் காப்பிக் குவளையோடு வந்ததும் முதல் வேலை தன் மெயில் பெட்டியைத் திறப்பதுதான். நானும் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "வந்துச்சா?" என்பேன்.

"வேலையா இருப்பான்."

ஜூன் போயிற்று. "வந்துச்சா?" என்று கேட்பதை நானே நிறுத்திக்கொண்டேன். அவர் திறந்து பார்ப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு போன் போட்டுப் பேசிடுங்களேன்" என்றேன் ஒருநாள் பொறுக்காமல்.

"சியாட்டிலுக்கா? யாரும் சாகலையே."

இது வேடிக்கைப் பேச்சு இல்லை. எங்கள் பக்கத்தில் தூரத்துத் தொலைபேசி என்றால் சாவுச் செய்திதான். நல்ல செய்தி தபாலில் வரும், தானாக வந்து சேரும், அவசரமில்லை. மணி அடித்து, மறுமுனையில் வெளியூர்க் குரல் கேட்டால் என் அம்மா முதலில் நாற்காலியைத் தேடுவாள்.

ஜூலையில் ஆலங்கட்டி மழை பெய்தது. மேற்கே சோளக்கொல்லைகள் கந்தலாகிப் போயின. எங்கள் ஏஜெண்டு டெல்பர்ட் அந்தப் பக்கத்துக்காரர். புதுக் கணினி வாங்கி, சேத அறிக்கையை எல்லாம் மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கியிருந்தார். ஒரு மத்தியானம் போனில் வந்து கத்தினார். நான் ஒலிபெருக்கியைப் போட்டு வெர்லினைக் கூப்பிட்டேன். திட்டில் அவரும் பங்கு வாங்கட்டுமே!

"ஏம்மா மார்லிஸ், உங்க எந்திரத்துக்குச் சோறு போடறதே இல்லையா? நான் அனுப்புற அறிக்கையை எல்லாம் அதுவே தின்னுடுது! இங்க மனுஷங்க வயலைப் பாத்து அழுதுட்டு நிக்கிறாங்க."

"என் எந்திரம் எதையும் திங்காது. அவரு அனுப்பியிருக்க மாட்டாரு" என்றார் வெர்லின் என்னிடம்.

"கேக்குதுய்யா எனக்கு!" என்றது போன்.

சோதித்துப் பார்த்தோம். டெல்பர்ட்டை ஒரு சோதனை மெயில் அனுப்பச் சொன்னேன். 'வந்துச்சா?' என்று ஒரு வார்த்தை அனுப்பினார். கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. வெர்லின் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு மிதப்பு. மறுபடி ஒன்று அனுப்பச் சொன்னோம். 'இது வந்துச்சா?' அதுவும் வந்தது.

"பாத்தியா? வாசல்ல கோளாறு இல்ல."

"அப்ப அந்த அறிக்கையையே திரும்ப அனுப்புங்க டெல்பர்ட்" என்றேன். அனுப்பினார். வாசலின் பதிவில் 'பெற்றுக்கொண்டது' என்று விழுந்தது. இழப்பீட்டுப் பிரிவில் கேட்டால் வரவில்லை என்றார்கள். மறுபடி அனுப்பினார். பெற்றுக்கொண்டது. வரவில்லை. வெர்லினுடைய மிட்டாய் வாயில் அசையாமல் நின்றது.

உதவி மேசையில் உட்கார்ந்தவளுக்கு வேறெதுவும் தெரியாவிட்டாலும் யார் யார் புலம்புகிறார்கள் என்பது தெரியும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெயில் காணோம் என்று என்னிடம் புலம்புகிறவர்கள் எல்லோரும் விவரமாக எழுதுகிறவர்கள். 'சரி', 'நன்றி', 'வெள்ளி பார்க்கலாம்' என்று எழுதுகிறவன் ஒருவனும் இதுவரை புலம்பியதில்லை.

"டெல்பர்ட், ஒரு வரி முடிஞ்சதும் என்டர் தட்டுறீங்கதானே?"

"எதுக்கும்மா தட்டணும்? அதுவா அடுத்த வரிக்குப் போகுதே! சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சு, பத்தி முடியற இடத்துலதான் தட்டுவேன். இந்தக் காலத்துல யாரு வரிக்கு வரி தட்டிக்கிட்டு உக்காந்திருப்பா?"

நாங்கள்தான். அந்த மாடியில் இருந்த நாங்கள் எல்லோரும்தான். திரையில் அழகாக மடிந்து தெரிந்தாலும், டெல்பர்ட்டின் ஒரு பத்தி முழுவதும் வாசலுக்கு ஒரே வரி. எண்பதைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும் வரி. சின்னக் கணினிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. வெர்லினின் காது சிவந்தது.

"குதிர்ல ஒண்ணும் இருக்காது" என்றார்.

நான் குதிர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

"எந்தக் குதிரு, வெர்லின்?"

மெல்ல மெல்லப் பிடுங்கினேன். வாசல் வந்து ஓராண்டு ஆனபோது, எண்பதைத் தாண்டிய வரி ஒன்று உள்ளே நுழைந்து மெயில் நிரலையே படுக்கவைத்துவிட்டது. வெர்லின் ஒரு சட்டம் போட்டார்: எண்பது கட்டத்துக்கு மேல் நீளும் வரி இருந்தால் அந்த மெயிலைத் தனியாக ஒரு பெட்டியில் தள்ளு. பெட்டிக்குக் குதிர் என்று பெயர் வைத்தார். அனுப்பியவனுக்கும் சொல்லாது, பெறுகிறவனுக்கும் சொல்லாது. தானே வாரம் ஒருமுறை திறந்து, வரியை வெட்டிச் சீராக்கி உரியவருக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தார். வரிக்கு வரி என்டர் தட்டாமல் எவன் எழுதப் போகிறான், எப்போதாவது ஒன்று விழும் என்ற நம்பிக்கை. அந்த வாரம்தான் லோயிஸை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதற்கப்புறம் குதிர் என்று ஒன்று இருப்பதே அவர் நினைவில் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் வாங்கிய திட்டெல்லாம் கண்முன்னே வந்து நின்றது. ஆனால் லோயிஸ் பெயரைச் சொன்னபிறகு யாரைத் திட்டுவது?

"டெல்பர்ட், நான் அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டு, "திறங்க" என்றேன்.

திறந்தார். பக்கம் பக்கமாக இறங்கியது. டெல்பர்ட்டின் அறிக்கைகள், வேலை கேட்டவர்கள், புகார் எழுதியவர்கள், எங்கள் கணக்குப் பிரிவுப் பெண்ணுக்கு ஒருவன் எழுதிய காதல் கடிதம்கூட. வாய்விட்டு எழுதியவர்கள் அத்தனை பேரும் உள்ளே கிடந்தார்கள். ஒற்றை வார்த்தைக்காரர்கள் மட்டும் ஜம்மென்று வாசலைத் தாண்டிப் போயிருந்தார்கள். தன்னைப் போலவே ஒரு வாசலைக் கட்டி வைத்திருந்தார் மனிதர். கடைசிப் பக்கத்தில் கால்வினின் பெயர் இருந்தது. மூன்று முறை.

வெர்லின் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நீ படி. என் கண்ணாடி சரியில்ல."

கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. நான் வலப்பக்கம் நகர்த்தி நகர்த்திப் படித்தேன். வரிகள் திரையைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தன.

முதல் மெயில், இவர் எழுதிய மறுநாளே வந்திருந்தது. 'அப்பா, மெயில் பாத்தேன். நாலு தடவை படிச்சேன். அன்னிக்கு நான் ஒரு நாள் முன்னாடிதான்ப்பா கிளம்பினேன். டென்வர்ல விமானம் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. ராத்திரி பூரா அங்க தரையில உக்காந்திருந்தேன். அதைச் சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன், உங்க முகத்தைப் பாத்ததும் வரல...' அப்படியே அம்மாவைப் பற்றி, அவள் உருளைக்கிழங்கைப் பற்றி, நீளமாக.

இரண்டாவது: 'செப்டம்பர்ல கார்லயே சிகாகோ போறோம். எண்பதாம் நெடுஞ்சாலை உங்க ஊர் வழியாத்தான் போகுது. ஒரு ராத்திரி தங்கிட்டுப் போகலாமா? வேண்டாம்னாலும் சொல்லிடுங்க.'

மூன்றாவது போன வாரம் வந்தது. 'பதில் இல்ல. புரியுதுப்பா. நிக்காம நேராப் போயிடறோம். இனிமே எழுதித் தொந்தரவு பண்ண மாட்டேன்.'

"ஒரு நாள் முன்னாடிதான் கிளம்பியிருக்கான்" என்றார் வெர்லின். பிறகு விசைப்பலகையை இழுத்தார். ஒரு வரி அடித்தார், அழித்தார். 'உன் மெயில் கிடைத்தது' என்று அடித்து, அதையும் அழித்தார். நான் விசைப்பலகையைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"போனை எடுங்க."

"ஆபீஸ் போன்ல எப்படி..."

"கம்பெனி வாசல்தானே முழுங்குச்சு? கம்பெனி போனே பேசட்டும். எடுங்கன்னா எடுங்க!"

அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். ஓரமெல்லாம் நைந்து துணிபோல் ஆகியிருந்தது. சியாட்டில் எண் அதில் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் சட்டை மாற்றும்போது அந்த அட்டையையும் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எண்ணைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நான்தான் அழுத்தினேன். ஒலிபெருக்கி போட்டபடியே இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"ஹலோ?"

"கால்வின். அப்பா பேசறேன்."

"யாருப்பா செத்தது?"

எங்கள் பக்கத்துப் பிள்ளை. வேறென்ன கேட்பான்?

"யாரும் சாகல" என்றார் வெர்லின். அதோடு நிறுத்திவிடுவாரோ என்று பயந்து நான் அவர் தோளைக் குத்தினேன். "உன் மெயில் மூணும் இன்னிக்குத்தான் பாத்தேன். வந்துருச்சுடா. அன்னிக்கே வந்துருச்சு. நான்தான் உள்ள விடாம வச்சிருந்தேன். வேணும்னு இல்ல. ஒரு வரி எண்பதைத் தாண்டினா தள்ளிவைன்னு ஒரு சட்டம் எழுதியிருந்தேன்."

"எண்பதா?" "துளை அட்டையாப்பா? இன்னுமா அட்டை?" என்று கேட்டுக்கொண்டே கால்வின் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. "நிஜமாவே உங்களுக்கு வரலையா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்ப்பா."

"அந்த டென்வர் விஷயம்... எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னது தப்பு. நீ ரொட்டியைக்கூடத் தின்னாமப் போனே."

நான் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு காப்பி அறைக்குப் போனேன். அங்கே நின்று நன்றாக அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது? காப்பி ஆறி, வேறு ஊற்றிக்கொண்டு, அதுவும் ஆறித் திரும்பியபோது வெர்லின் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் அத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் செலவழித்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பரில் ஒரு ராத்திரி என்று வந்தவர்கள் ஒரு வாரம் இருந்தார்கள். அதற்குள் வெர்லின் சட்டத்தை மாற்றியிருந்தார். வரி எவ்வளவு நீண்டாலும் வாசலே அதை மடித்து உள்ளே விட்டது. குதிரில் கிடந்ததையெல்லாம் உரியவர்களிடம் சேர்த்தோம். கணக்குப் பிரிவுப் பெண் அதற்குள் வேறொருவனைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதத்தை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. டெல்பர்ட் மட்டும் கடைசிவரை எங்களை நம்பவில்லை. மெயில் அனுப்பிவிட்டு, வந்துச்சா என்று போனும் போடுவார்.

வெர்லினின் மெயில்கள் நீளமாகவில்லை. அது நடக்கிற காரியமா? ஆனால் ஞாயிறு தவறாமல் சியாட்டிலுக்குப் போன் போட்டார். எடுத்ததும் கால்வின், "யாருப்பா செத்தது?" என்பான். இவர், "இன்னும் யாரும் இல்ல" என்பார். பிறகுதான் மழையைப் பற்றிய பேச்சு. அப்பனுக்கும் மகனுக்கும் அதுவே வணக்கம் சொல்லும் முறையாகிவிட்டது.

வெர்லின் ஓய்வு பெற்றார், மெயின்பிரேமையும் கழற்றி எடுத்துப் போனார்கள், நானும் வீட்டோடு வந்துவிட்டேன். போன பிப்ரவரியில் அவர் போய்விட்டார். அதே தேவாலயம், அதே கீழ்த்தளம், அதே ரொட்டி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கால்வின் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கும் தலை நரைத்திருந்தது.

"இந்தப் பனியில எப்படிடா வந்து சேர்ந்தே?" என்றேன்.

"பனிக்கு முன்னாடியே வந்துட்டேன் ஆன்ட்டி. கடைசி வாரம் பூரா அவரு பக்கத்துலதான் இருந்தேன்." குவளையை என்னிடம் கொடுத்தான். "ஞாயித்துக்கிழமை இல்லாத ஒரு நாள்ல போன் வந்துச்சு. நான் வழக்கம்போல யாருப்பா செத்ததுன்னு கேட்டேன். 'இன்னும் இல்ல. நீ ஒரு நாள் முன்னாடியே கிளம்பு'ன்னாரு."